கடலோரக் காணியில் குதிரை லாயம்: தொடங்குபவர்களுக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடா, பாசிக்குடாப் பக்கம் காணி இருக்கிறது, குதிரை வைத்து வாடகைக்கு விடலாம், பிறருடைய குதிரைகளையும் மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குதிரை வந்து இறங்குமுன் கொட்டிலும் தீனியும் தயாராக இருக்க வேண்டும்.

படி 1: கொட்டில்
குதிரை ஒன்றுக்கு 12 அடிக்கு 12 அடி அறை. மாரியில் வெள்ளம் தேங்காத மேட்டு நிலமாகப் பாருங்கள். ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும். கூரை உயரமாக, காற்று ஊடறுத்துப் போகும்படி இருக்கட்டும்.

படி 2: தீனி
மாட்டுக்குப் போடுவதுபோல வைக்கோலை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. குதிரை அசைபோடும் பிராணி அல்ல. 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோ நல்ல காய்ந்த புல் வேண்டும். பச்சைப் புல்லென்றால் நாலைந்து மடங்கு. தண்ணீர் 25 லீற்றருக்குக் குறையக் கூடாது, கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் காலத்தில் இன்னும் கூட.

நம் கரையோரத்தில் பெரிய ஆபத்து மணல்தான். தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே தீனியைத் தொட்டியில் வையுங்கள், அடியில் இறப்பர் விரிப்புப் போடுங்கள். கிழமைக்கொரு தடவை, நிலத்தில் படாத சாணத்தில் ஒரு பிடி எடுத்து, கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் கரைத்துக் கால் மணித்தியாலம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் மிருக வைத்தியரிடம் பேசுங்கள். படியாவிட்டாலும், குதிரை தீனியை ஒதுக்கி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிலத்தில் புரண்டால் உடனே அவரை அழையுங்கள்.

படி 3: பிறர் குதிரை
புதிதாக வருவதை முதல் இரண்டு கிழமை தனியே கட்டுங்கள். வைத்தியச் செலவு யாருடையது என்பதை எழுதி ஒப்பமிடுங்கள். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்தக் குதிரையை வாடகைக்கு விடவே கூடாது.

படி 4: வாடகை
பிரதேச சபையில் அனுமதி பற்றிக் கேளுங்கள், காப்புறுதியும் எடுங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு அது 60 கிலோதான். பெரிய ஆள் எவ்வளவு காசு நீட்டினாலும் ஏற்றாதீர்கள். தலைக்கவசம் கட்டாயம். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும், அலை நனைத்து இறுகிய மணலில் நடத்துங்கள். கால் புதையும் தளர்ந்த மணல் குதிரையின் கால் தசைநாணைக் கெடுக்கும்.

திரும்பியதும் சேணத்தின் வயிற்று வாரைத் தளர்த்திச் சற்று நடக்கவிட்டு, காலிலுள்ள உப்பைக் கழுவுங்கள். சேணம் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மயிர் உரிந்திருந்தால் அது ஆறும்வரை அந்தக் குதிரைக்குச் சவாரி இல்லை.