பெரூஜாவுக்கு இத்தாலியன் படிக்க வர்றீங்களா, முதல்ல வாயைத் திறங்க

ரோம்லேர்ந்து வர்ற ரயில் உங்களை ஃபோந்திவெஜ்ஜே ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடும், அது மலையடிவாரம், ஊர் மொத்தமும் மேல இருக்கு. ரெண்டு பெட்டியைத் தூக்கிட்டு நடந்து ஏறிடலாம்னு நெனைக்காதீங்க, நான் நெனச்சேன். ஸ்டேஷன் பக்கத்துலயே மினிமெத்ரோ இருக்கு, 2008-ல விட்டது, லிஃப்ட் சைஸ்ல குட்டிக்குட்டி பெட்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வந்துட்டே இருக்கும். கடைசி ஸ்டாப் பின்செத்தோ, அங்க இறங்குனா ஊர் நடுவுல இருப்பீங்க. வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் (எல்லாரும் ‘ஸ்த்ரானியேரி’ன்னுதான் சொல்வாங்க) அங்கேர்ந்து இன்னொரு பக்கமா கீழ இறங்கணும், எத்ருஸ்கன் காலத்து கல் வளைவு ஒண்ணு பிரம்மாண்டமா நிக்கும், அதுக்கு எதிர்லயே கல்லெங்கா அரண்மனை, அதான் காலேஜ்.

முதல் வாரம் பேப்பர் வேலை, இதைத் தள்ளிப் போடாதீங்க. வந்து 8 வேலை நாளுக்குள்ள பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது தங்கற அனுமதிக்கு அப்ளை பண்ணியாகணும். போஸ்ட் ஆபீஸ்ல ‘கிட்’னு கேட்டா ஒரு பெரிய கவர் ஃப்ரீயா தருவாங்க. ஃபாரம் நிரப்பி, பாஸ்போர்ட் காப்பி, அட்மிஷன் லெட்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் உள்ள வைங்க, ஆனா கவரை ஒட்டாதீங்க, கவுண்டர்ல திறந்து பாப்பாங்க. 16 யூரோ ஸ்டாம்ப் ஒண்ணு வேணும், அது போஸ்ட் ஆபீஸ்ல தேடாதீங்க, வெளிய ‘டி’ போர்டு போட்ட சிகரெட் கடையில கேளுங்க. அவங்க தர்ற ரசீதை பத்திரமா வைங்க, கார்டு வர்ற வரைக்கும் அதான் உங்க உயிர். கோதிச்செ ஃபிஸ்காலெ, நம்ம பான் நம்பர் மாதிரி 16 எழுத்து, அதுக்கு காசு கிடையாது. ஸ்காலர்ஷிப்புக்கு போடறவங்க அப்பா அம்மா வருமானம், வீட்டு பேப்பர் எல்லாம் ஊர்லயே மொழிபெயர்த்து சீல் வாங்கிட்டு வாங்க, இங்க வந்து உக்காந்துட்டு அப்பாவை தாசில்தார் ஆபீசுக்கு அலைய விடறது பாவம்.

இப்ப மெயின் மேட்டர். கிளாஸ்ல நோட்ஸ் எடுக்கறப்ப இத்தாலியனை தமிழ் எழுத்துல எழுதாதீங்க. ‘எவ்வளவு’க்கும் ‘எப்போ’வுக்கும் இத்தாலியன்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஒண்ணுல ‘பத்து’ல வர்ற அழுத்தமான த, இன்னொண்ணுல ‘பந்து’ல வர்ற மெல்லிசான த. நம்ம எழுத்துல ரெண்டுமே ‘குவாந்தோ’ தான், ந் பக்கத்துல த வந்தா நம்ம நாக்கு தானா மெல்லிசாக்கிடும். நான் ரெண்டு வாரம் பேக்கரியில ரொட்டியைக் காட்டி “எப்போ?”ன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன், அந்த அம்மாவும் பொறுமையா “இப்பவேதான்”னு சொல்லி காசு வாங்கிட்டு இருந்தாங்க. காம்போ (வயல்), சென்தோ (நூறு), இந்த மாதிரி வார்த்தை எல்லாத்துலயும் இதே கண்ணிதான். எழுத்து விஷயத்துல இத்தாலிக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, எ-ஏ, ஒ-ஓ குழப்பத்தைத் தீர்த்து வச்ச வீரமாமுனிவர் மாந்தோவா பக்கம் 1680-ல பொறந்தவர்தான்.

பயப்படவும் வேணாம், மத்தவங்க திணர்ற இடத்துல நமக்கு ஈஸி. இரட்டிச்சு வர்ற மெய்யெழுத்தை இங்கிலீஷ்காரங்க விழுங்கிடுவாங்க, நமக்கு படம்-பட்டம், பனி-பன்னி பால்குடியிலேயே வந்தது. எனக்கு 22 வயசுன்னு சொல்றப்ப ‘அன்னி’ன்னு அழுத்தணும், அழுத்தாம ‘அனி’ன்னு விட்டா அர்த்தம் ஆசனவாய், கிளாசே சிரிக்கும். அண்ணியைக் கூப்பிடற மாதிரி நெனச்சுக்குங்க, தப்பே வராது. அப்புறம் பார்லோ, பார்லி, பார்லா: பேசறேன், பேசற, பேசறா. நான் நீன்னு தனியா சொல்லவே வேணாம், வினையோட வால்லயே ஆள் இருக்கு, இது புரிய எங்க கிளாஸ்ல ஒரு சீனப் பையனுக்கு மாசக்கணக்காச்சு. மரியாதைக்கு ‘லேய்’ போடணும், எதிர்ல நிக்கறவரையே ‘அவங்க வர்றாங்களா?’ன்னு கேக்கற கணக்கு. புரொஃபசர்கிட்ட ‘தூ’, அதாவது ‘நீ’ போட்டீங்கன்னா தலைமையாசிரியரை வாடான்னு கூப்பிட்ட மாதிரி.

ஏன் வாயைத் திறங்கன்னு சொல்றேன்னா, இங்க நெறைய பரீட்சை வாய்மொழிதான். மனப்பாடம் பண்ணி பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கின நம்மாளுங்களுக்கு இதுதான் பெரிய அடி. புரொஃபசர் டேபிளுக்கு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம், பின்னாடி அடுத்த ஆளுங்க உக்காந்து கேட்டுட்டு இருப்பாங்க. 30-க்கு மார்க், 18 பாஸ். மார்க் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த தேதிக்கு வரலாம், அதிசயம்தான் ஆனா நெசம். அதனால உங்க பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை சும்மா போய் பின் பெஞ்ச்ல உக்காந்து கேளுங்க, என்ன கேக்கறாங்க எப்படி மடக்கறாங்கன்னு தெரிஞ்சிடும்.

என்னை மடக்கினது ரொட்டி. ஃப்ளாரன்ஸ்லேர்ந்து நாடு கடத்தப்பட்ட கவிஞன் தாந்தே, தன்னோட ‘திவீனா கொம்மேதியா’ காவியத்துல, சொர்க்கத்தைப் பத்தின பாகத்துல 17-வது காண்டத்துல, அடுத்தவங்க வீட்டு ரொட்டி எவ்வளவு உப்பு கரிக்கும்னு உனக்குத் தெரிய வரும்னு பாட்டனுக்குப் பாட்டன் வாயால சொல்ல வைப்பான். இதுக்கு என்ன அர்த்தம்னு புரொஃபசர் கேட்டார். அகதியோட துக்கம்னு நான் ஒப்பிச்சேன், அவர் தலையாட்டிட்டு “நீங்க இந்த ஊர் ரொட்டி சாப்பிட்டிருக்கீங்களா?”ன்னார். அப்பதான் உறைச்சுது, ஃப்ளாரன்ஸ் இருக்கற தஸ்கனியிலயும் சரி, பெரூஜா இருக்கற இந்த உம்ப்ரியாவுலயும் சரி ரொட்டியில உப்பே போடமாட்டாங்க, உப்பில்லாத ரொட்டி தின்னு வளந்தவனுக்கு வெளியூர் ரொட்டி நெஜமாவே கரிச்சிருக்கும். இந்த ஊர்ல அதுக்கு வேற கதை சொல்வாங்க, 1540-ல போப் உப்பு வரியை ஏத்தினதுக்கு ஊரே கிளம்பி சண்டை போட்டுத் தோத்துச்சு, அந்தக் கோபத்துல உப்பையே விட்டாங்கன்னு. ஜெயிச்ச போப் ஊர்க்காரங்க வீட்டு மேலயே கட்டின கோட்டைக்குள்ளதான் இப்ப எஸ்கலேட்டர் ஓடுது, ஒரு தடவை அதுல இறங்கிப் பாருங்க, பழைய தெருவெல்லாம் அப்படியே இருட்டுல கிடக்கும்.

நமக்கோ உப்பில்லா பண்டம் குப்பையிலே. ஊறுகாய் எடுத்துட்டு வாங்க, ஆனா செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில வச்சா ஏர்ப்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க.