மாநிலம் ஒரு குடியேற்றச் சட்டம் போட்டால் அதை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் புதிதாகக் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டே விதமான பேச்சுதான் ஓடும். ஒன்று, எல்லாரையும் பிடிக்கப் போகிறார்கள், வெளியே தலைகாட்டாதீர்கள் என்பது. இன்னொன்று, நாம் முறையாக விசாவில் வந்தவர்கள், நமக்கென்ன என்பது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மசோதாவையே எடுத்துப் படியுங்கள். மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

முதலில் தேடவேண்டியது ஒன்றே ஒன்று: யாருக்குப் புதிதாக என்ன அதிகாரம் கொடுக்கிறார்கள்? சட்டத்தின் பெயரும் முன்னுரையும் எல்லையைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் பேசும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அரிசோனாவின் எஸ்பி 1070-ஐ (எஸ்பி என்றால் செனட் மசோதா, எச்பி என்றால் கீழவை மசோதா) எடுத்துக்கொள்ளுங்கள், 2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட்டது. அதில் 2(பி) என்ற பிரிவுதான் நாடு முழுக்கச் சண்டையைக் கிளப்பியது. வேறு காரணத்துக்காக நிறுத்திய ஒருவர் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறார் என்று "நியாயமான சந்தேகம்" வந்தால், போலீஸ் அவருடைய குடியேற்ற நிலையைச் சரிபார்க்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சந்தேகம் எதிலிருந்து வரும்? நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, உரிமத்தை நீட்டும்போது அந்த அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது உங்கள் நிறமும் உச்சரிப்பும்தான், ஹெச்-1பி வேலை விசாவின் ஒப்புதல் கடிதம் அல்ல. இனத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கலாம், ஆனால் அதைச் சாலையோரத்தில் யார் நின்று கண்காணிப்பது?

அலபாமா 2011-இல் இதைவிடக் கடுமையாக எச்பி 56 என்று ஒன்று போட்டது. அந்த நவம்பரில் டஸ்கலூசாவில் போலீஸ் ஒரு வாடகைக் காரை நிறுத்தியது. ஓட்டியவர் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அதிகாரி, பக்கத்தில் இருக்கும் தங்கள் ஆலைக்கு வந்தவர். கையில் ஜெர்மன் அடையாள அட்டை மட்டும்தான் இருந்தது, கைது செய்துவிட்டார்கள். சக ஊழியர் பாஸ்போர்ட், விசா எல்லாம் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விடுதலை. முறையாக வந்த ஒரு பெரிய நிறுவன அதிகாரிக்கே இந்த நிலை என்றால், "நமக்கென்ன" என்பதை இனி யாரும் சொல்லவேண்டாம். அதே சட்டம் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் குடியேற்ற நிலையையும் கேட்கச் சொன்னது. பயத்தில் நிறையக் குழந்தைகள் பள்ளிக்கு வராமல் நின்றார்கள், இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை முதலில் நிறுத்தி, 2012-இல் செல்லாது என்றது. ஆவணமில்லாத குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982-இலேயே பிளைலர் வழக்கில், அதுவும் டெக்சாஸ் சட்டம் ஒன்றைத் தள்ளுபடி செய்து, உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அடுத்து, இது மத்திய அரசின் வேலையா என்று பாருங்கள். 2012 ஜூனில் அரிசோனாவின் எஸ்பி 1070 வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி எழுதிய 5-3 தீர்ப்புதான் இதற்கு அளவுகோல். பதிவு ஆவணம் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கியது, அனுமதி இல்லாமல் வேலை தேடுவதைக் குற்றமாக்கியது, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய விட்டது, மூன்றும் விழுந்தன. 2(பி) மட்டும், எப்படி அமலாகிறது என்று பார்க்கலாம் என்ற நிலையில் தப்பியது. ஆக, மசோதா புதிய குடியேற்றக் குற்றம் ஒன்றை உருவாக்கினால் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகும். வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் உரிமத்தில் கை வைத்தால் நிலைக்க வாய்ப்பு அதிகம், அரிசோனாவின் அப்படிப்பட்ட சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. எதிர்த்திசையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். கலிஃபோர்னியா 2017-இல் எஸ்பி 54 மூலம் தன் போலீஸ் மத்திய குடியேற்றத் துறைக்கு உதவுவதைக் கட்டுப்படுத்தியது. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்கு ஏவ முடியாது என்ற பழைய கொள்கை அதற்குத் துணை நின்றது.

அப்புறம் தேதி. கையெழுத்தானது என்றால் அமலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. டெக்சாஸ் எஸ்பி 4, சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கியது, 2023 டிசம்பரில் கையெழுத்தானது. 2024 பிப்ரவரி 29 அன்று மாவட்ட நீதிபதி தடை விதித்தார். மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அமல்படுத்த வழிவிட்டது, அன்றிரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. அந்தச் சில மணி நேரத்தில் வந்த தலைப்புச் செய்திகளை மறுநாள் காலையில் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்! எந்தச் செய்தியைப் பார்த்தாலும் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

மறுதரப்பு சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும். எல்லையோர மாநிலங்களின் குறை பொய் இல்லை: மத்திய அரசு முடிவெடுக்காமல் இழுக்கும்போது செலவு மாநிலத்தின் மருத்துவமனைக்கும் சிறைக்கும்தான் வருகிறது. ஆனால் பரிகாரமாக உள்ளூர் போலீஸை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவின் மேரிகோபா மாவட்டம் சாட்சி. அந்த மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப் அர்பையோவின் துறை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை இனம் பார்த்து நிறுத்தியது என்று 2013-இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. என் முடிவு இதனால்தான் இப்படிப்பட்ட மாநிலச் சட்டங்களுக்கு எதிராக இருக்கிறது.

சரி, உங்கள் பையில் என்ன இருக்கவேண்டும்? 18 வயது நிறைந்த எந்த வெளிநாட்டவரும் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்தியச் சட்டம். கிரீன் கார்டு இருந்தால் அது, விசாவில் இருந்தால் ஐ-94 என்ற வருகைப் பதிவின் அச்சுப்பிரதி. காரை நிறுத்தினால் உரிமம், பதிவு, காப்பீடு காட்டுங்கள். எங்கே பிறந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று உள்ளூர் போலீஸ் கேட்டால் பேசாமல் இருக்க உரிமை உண்டு, அதை மரியாதையாகச் சொல்லலாம். குடியேற்றத் துறை அதிகாரி ஆவணம் கேட்டால் விசாவில் இருப்பவர்கள் காட்டிவிடுவது நல்லது. பொய் மட்டும் சொல்லக்கூடாது, போலி ஆவணம் நீட்டவே கூடாது. காரைச் சோதிக்கலாமா என்றால் சம்மதமில்லை என்று சொல்லுங்கள், தடுக்கப் போகாதீர்கள். "நான் போகலாமா" என்று கேளுங்கள். கைதானால் வழக்கறிஞரையும் இந்தியத் தூதரகத்தையும் கேளுங்கள். தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கேட்பது வியன்னா ஒப்பந்தப்படி உங்கள் உரிமை.

மசோதா இன்னும் சட்டமன்றக் குழுவின் பரிசீலனையில் இருந்தால் நேரிலேயே போங்கள். பெரும்பாலும் விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை, பேச ஓட்டுரிமை கேட்பதில்லை. கிடைக்கும் சில நிமிடத்தில் பிரிவு எண்ணைச் சொல்லி, அது உங்கள் தெருவில் யாரை, எப்போது, எப்படி நிறுத்தும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.