யோசெமிட்டி பழைய அஞ்சலட்டைகள்: படத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு சுமார் 7 மைல் நீளம். அகலம் ஏறத்தாழ ஒரு மைல்தான். இந்தச் சின்ன இடத்தைத்தான் அஞ்சலட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விற்றார்கள், அதுவும் பெரும்பாலும் அதே ஐந்தாறு கோணங்களில்: எல் காப்பிடான் பாறை, ஹாஃப் டோம், பிரைடல்வேல் அருவி, மிரர் லேக், கிளேசியர் பாயிண்ட். சேகரிப்பவர்களும் பழைய படங்களை வைத்து இடத்தின் வரலாறு எழுதுபவர்களும் இவற்றில் சறுக்குவது ஏறக்குறைய ஒரே காரணத்தால்: முன்பக்கத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்பக்கம் விற்பனைக்கு. சாட்சி சொல்வது பின்பக்கம். அடுத்தபடியாக, உருப்பெருக்கி லென்ஸில் தெரியும் மை.

முத்திரைத் தேதியே படத்தின் தேதி என்று எண்ணுவது

அதிகம் பேர் செய்வது இதுதான். 1931 தபால் முத்திரை இருந்தால் ‘1931-இல் யோசெமிட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த முத்திரை சொல்வது ஒன்றுதான்: அட்டை அதற்குப் பிறகு அச்சானதல்ல. கடையில் பல ஆண்டு கிடந்த சரக்காக இருக்கலாம். படம் அச்சுக்கும் பத்து, இருபது ஆண்டு மூத்ததாக இருக்கலாம்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் தனியார் அச்சிட்ட அட்டைகளுக்கு அரசு அட்டையின் கட்டணத்தை அனுமதித்த சட்டம் 1898 மே 19-இல் வந்தது. ‘பிரைவேட் மெயிலிங் கார்டு’ என்ற வாசகம் இருந்தால் அந்தக் காலத்தது. 1907 மார்ச் 1 வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். அதனால்தான் அதற்கு முந்தைய அட்டைகளில் அருவிக்குக் கீழும் வானத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். நடுவில் கோடு போட்டு இடம் பிரித்திருந்தால் 1907-க்குப் பிந்தையது. படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஏறத்தாழ 1915 முதல் 1930 வரை. துணி நெசவு போல் சொரசொரப்பான லினன் அட்டை 1930-களிலும் 40-களிலும். பளபளப்பான வண்ண நிழற்பட அட்டை 1939-க்குப் பிறகு. இவை தோராய எல்லைகள். வெள்ளை விளிம்பு லினன் காலத்திலும் தொடர்ந்தது.

தபால்தலைக் கட்டத்தையும் விடாதீர்கள். ஒரு சென்ட் கட்டணம் நெடுங்காலம் மாறவில்லை, ஆனால் முதல் உலகப் போரை ஒட்டி 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை 2 சென்ட் ஆனது. அசல் நிழற்படத் தாளில் கழுவிய அட்டையென்றால் கட்டத்தின் ஓரத்தில் ‘ஏஸோ’ என்ற தாள் பெயர் இருக்கும். நான்கு மூலை முக்கோணங்களும் மேல்நோக்கினால் சுமார் 1904 முதல் 1918. இரண்டு மேல், இரண்டு கீழ் என்றால் 1918 முதல் 1930. சிகாகோவின் கர்ட் டீக் கம்பெனி லினன் அட்டைகளில் எண்ணே விடை தரும்: ‘6ஏ-எச்’ என்று தொடங்கினால் 1936, ஏ என்பது முப்பதுகள், பி நாற்பதுகள்.

மிச்சிகன் மாநிலத்து அட்டை வெளியீட்டாளரான டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் எண்ணை இப்படிப் படிக்கக்கூடாது. அவர்களின் எண் படத்துக்கு உரியது, அச்சான ஆண்டுக்கு உரியதல்ல. ஒரே எண்ணில் ஒரே காட்சி பலமுறை அச்சேறியிருக்கும். அங்கே பெயரைப் பாருங்கள்: 1905 வரை ‘டெட்ராய்ட் ஃபோட்டோகிராஃபிக் கம்பெனி’, பிறகுதான் ‘பப்ளிஷிங்’.

படத்துக்குள்ளும் துப்புக் கிடைக்கும். வாவோனா சுரங்கப்பாதை 1933-இல் திறந்தது. அதன் வாயிலிலிருந்து தெரியும் ‘டனல் வியூ’ என்று தலைப்புள்ள அட்டை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அதற்கு முன் இதே போன்ற காட்சி மேலேயுள்ள இன்ஸ்பிரேஷன் பாயிண்டிலிருந்து எடுக்கப்பட்டது. அவானி ஹோட்டல் தெரிந்தால் 1927-க்குப் பின். கிளேசியர் பாயிண்ட் ஹோட்டல் 1969-இல் எரிந்துபோனது.

நிறத்தையும் நிலவையும் நம்புவது

டெட்ராய்ட் கம்பெனியின் அழகான அட்டைகள் வண்ணப் படங்கள் அல்ல. கறுப்பு வெள்ளை நெகடிவை எடுத்து, நிறத்துக்கு ஒரு கல் என்று பல அச்சுக்கற்களில் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மை ஏற்றுவார்கள். ஸ்விட்சர்லாந்திலிருந்து உரிமை வாங்கிய ஃபோட்டோகுரோம் முறை இது. பல அட்டைகளில் ‘ஃபாஸ்டின்ட்’ என்று போட்டிருக்கும். நிறம் முடிவானது மிச்சிகனில், அச்சுக்கூடத்தில். பாறை ஊதாவாக இருக்கிறதே, அந்திப்பொழுதில் எடுத்தார்களோ என்று கேட்பதில் பொருளில்லை.

நிலவொளிக் காட்சிகள் இன்னும் மோசம். பெரும்பாலானவை பகலில் எடுத்த படம்; நீல மையை ஏற்றி, மேகத்துக்கிடையே ஒரு நிலவைச் செருகிவிடுவார்கள். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் கண்டுபிடிப்பது எளிது. கிழக்கே பார்த்து எடுத்த படத்தில் ஹாஃப் டோமுக்கு மேல் நிலவு நிற்கும். ஆனால் கேமராவைப் பார்த்திருக்கும் பாறை முகங்கள் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். நிலவு எதிரே இருந்தால் அந்த முகங்கள் இருண்டிருக்க வேண்டும்.

தண்ணீரிலும் இதே வேலைதான். யோசெமிட்டி அருவி மொத்தம் 2,425 அடி. பனி உருகும் மே, ஜூனில் இடி போல் விழும், ஆகஸ்ட் வாக்கில் பெரும்பாலும் வற்றிவிடும். கோடை விடுமுறைக்கு வந்தவர் வாங்கிய அட்டையில் மட்டும் அது என்றும் வற்றாது. மரங்களில் இலையுதிர்கால மஞ்சளும் பாறையில் முழு அருவியும் ஒரே அட்டையில் இருந்தால், வெள்ளை மை தீட்டியிருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தீட்டிய தண்ணீருக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். நிழற்படத் தண்ணீர் புகை போல் கரையும். மிரர் லேக் ஒருபடி மேல். மண் சேர்ந்து தூர்ந்துகொண்டிருந்த அந்தக் குட்டையை 1971 வரை தூர் வாரியே ஏரியாக வைத்திருந்தார்கள். அட்டையில் தெரியும் கண்ணாடிப் பரப்பை இயற்கையின் அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தீயருவி அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். கிளேசியர் பாயிண்டிலிருந்து இரவில் மரப்பட்டைக் கங்குகளைத் தள்ளிவிடும் வேடிக்கை இது. தேசியப் பூங்கா நிர்வாகம் 1968 ஜனவரியில் நிறுத்தியது. கேமராவின் வாயை நெடுநேரம் திறந்து வைத்ததால் சிதறிய கங்குகள் ஒரே தாரையாகப் பதிந்தன. போதாததைத் தூரிகை முடித்தது. நேரில் பார்த்தவர் கண்டது இதுவே என்று எழுதிவிடாதீர்கள்.

ஆளில்லாப் புல்வெளியும் கூடாரமும்

1954-இல் யோசெமிட்டிக்கு வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். அக்கால அட்டைகளைப் பார்த்தால் ஒரு மான், ஒரு ஆறு, ஒரு மலை. லினன் அட்டைகளில் கம்பம், கம்பி, கார், ஆள் எல்லாம் அச்சுக்கு முன்பே அழிக்கப்படுவது வழக்கம். அட்டையில் இல்லாததை வைத்து இடத்தில் இல்லை என்று சொல்வது இந்தத் துறையில் மன்னிக்க முடியாத பிழை.

இதைவிடக் கெட்டது பூர்வகுடிகளின் அட்டைகளைத் தவறாகப் படிப்பது. 1916 முதல் 1929 வரை பள்ளத்தாக்கில் ‘இண்டியன் ஃபீல்டு டேஸ்’ என்ற விழா நடந்தது. மிவோக், பையூட் மக்களைச் சமவெளிப் பழங்குடிகளைப் போல மான்தோல் உடையும் இறகும் மணியும் அணியச் சொன்னார்கள். சுற்றுலாக்காரன் எதிர்பார்த்த ‘இண்டியன்’ அதுதான். கூம்புத் தோல்கூடாரம் அந்த மக்களுடையதல்ல. அவர்களது வீடு தேவதாருப் பட்டைகளைக் கூம்பாகச் சாய்த்துக் கட்டியது. எனவே தோல்கூடார அட்டைக்கு ‘யோசெமிட்டிப் பழங்குடி வாழ்க்கை’ என்று தலைப்பிட்டால் விளம்பரத்தையே நாமும் மறுபடி அச்சிட்டதாகும். மாறாக, கூடை தெரியும் படங்களை உற்றுப் பாருங்கள். அந்த வேலைப்பாடு பெரும்பாலும் அவர்களுடையதே. அந்த மக்களில் ஒருவரான லூசி டெல்லஸ் நான்காண்டு உழைத்து முடைந்த பெருங்கூடை இன்றும் பேசப்படுகிறது.

சின்னக் குழப்பம் ஒன்று: வண்டி நுழையும் மரம். 1881-இல் துளைத்த வாவோனா மரம் 1969-இல் பனிப்பாரத்தில் விழுந்தது. 1895-இல் துளைத்த கலிபோர்னியா மரம் இன்றும் நிற்கிறது. இரண்டும் மாரிபோசா தோப்பில், பள்ளத்தாக்குக்குத் தெற்கே, தொலைவில். ‘பள்ளத்தாக்கின் மரம்’ என்று சொல்லாதீர்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

பழைய அட்டை 3½ × 5½ அங்குலம். 4 × 6 அங்குலத்தில் ‘1908 அட்டை’ கிடைத்தால் மறுஅச்சு. லென்ஸில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னப் பூப்போல் ஒழுங்காகச் சுழன்றிருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஃபோட்டோகுரோமில் ஒழுங்கற்ற மணல் பரவல் இருக்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது சுமார் 1950-க்குப் பிந்தைய தாள்.

பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளடைவில் மையோடு ஒட்டும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை போதும். ரப்பர் பேண்டு, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் ஆகாது. ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்காதீர்கள்; பின்பக்க எழுத்தும் முத்திரையும் கரைந்தால் காலம் கணிக்கும் வழியே போய்விடும். குறிப்பை மென்மையான பென்சிலால் உறைக்குள் வைக்கும் தனிச்சீட்டில் எழுதுங்கள். ஸ்கேன் செய்யும்போது இருபக்கமும் 600 டிபிஐ, தானியங்கி நிறத் திருத்தம் இல்லாமல். ‘டீஸ்கிரீன்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது புள்ளிகளை வழித்துவிடும், அட்டை எந்த முறையில் அச்சானது என்பதற்கான தடயமும் அதோடு போகும்.