மீசை முறுக்கும் பெரியவரைக் கதையிலிருந்து அனுப்பிவிடுங்கள்

கொங்குப் பக்கம் புதிதாக எழுதுபவர்கள் ஊர் வழக்கத்தைச் சாடி ஒரு கதை கொண்டுவந்தால், முதல் பக்கத்திலேயே ஆலமரம் வந்துவிடும். அடியில் கயிற்றுக் கட்டில், அதில் மீசை முறுக்கும் ஊர்ப் பெரியவர். வாசகருக்கு அப்போதே நிம்மதி. தப்பெல்லாம் அந்த மீசையோடு போயிற்று.

இதுதான் பெரிய தவறு. வழக்கத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனுசர்கள்.

கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் என்ற சடங்கு முக்கியமானது. கதையில் அந்த அக்கா கணவனை இழந்தவள். திருப்பூர் பனியன் கம்பெனியில் அவள் வாங்கிய சம்பளத்தில்தான் தம்பி படித்தான். சீர் நேரத்தில் அவளை யாரும் விரட்ட வேண்டியதில்லை. "காலைல இருந்து நின்னுட்டே இருக்கற, சித்த நேரம் உள்ள உக்காரு கண்ணு" என்று அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்னால் போதும். அந்தக் 'கண்ணு'வில் இருக்கிறது கதை. நம் ஆட்களோ நாலு இடத்தில் 'ஏனுங்க' தூவிவிட்டு வட்டாரக் கதை என்கிறார்கள்! சொல்கிற அம்மிச்சியும் வெள்ளைச் சீலை கட்டியிருக்கட்டும். அவளையும் ஒரு காலத்தில் இப்படித்தான் உட்கார வைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள், சீலையின் நிறமே சொல்லிவிடும்.

அப்புறம், பாதிக்கப்பட்டவளை உத்தமியாக்குவது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த நாவல். கணவனை இழந்து, நிலத்தில் பங்கு கேட்கும் நாகம்மாள் வாய்த்துடுக்குக்காரி, சண்டைக்காரி. அவளை நல்லவளாகக் காட்ட ஆசிரியர் மெனக்கெடவே இல்லை. அதனால்தான் நம்புகிறோம்.

வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கம் விளக்குவது இன்னொன்று. அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய 'லாட்டரி' கதையில் ஏறக்குறைய 300 பேர் கொண்ட ஊர். காலை 10 மணிக்குச் சீட்டு எடுக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடலாம். பழைய பெட்டி தொலைந்துவிட்டது, சடங்கு முறையும் மறந்துவிட்டது. சீட்டு விழுந்தவரைக் கல்லெடுத்து அடித்துக் கொல்ல மட்டும் மறக்கவில்லை. எப்படி ஆரம்பித்தது என்று ஆசிரியர் உட்கார்ந்து சொல்வதில்லை. சாப்பாட்டு நேரத்தைச் சொன்னதுதான் எனக்கு இன்றும் குலை நடுக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிப் பிரசங்கம் செய்யும் இன்ஜினியர் தம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெட்டிவிடுங்கள்.

கடைசிப் பத்தியில் ஊரே திருந்துவதும் வேண்டாம். இணைச்சீர்க் கதையை நான் முடிப்பதாக இருந்தால், அக்கா உள்ளே பாயில் உட்கார்ந்திருப்பாள். அவள் மகள் ஓடிவந்து, "அம்மா, நீ ஏன் அங்க வர்ல?" என்று கேட்பாள்.

"கால் வலிக்குது கண்ணு."