சித்தி கையில் சிக்கிய கடிதம்: பாதுகாப்பான இணைய இணைப்பைச் சீரியல் கதையாக விளக்கும் முறை

கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ இணைய முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியிருந்தால், குறியாக்கம், சான்றிதழ், சாவி என்று ஆரம்பிக்காதீர்கள். இரவுச் சீரியலை ஒரு நாளும் விடாமல் பார்ப்பவர்களுக்குப் பிரித்துப் படிக்கப்படும் கடிதமும் ஆள்மாறாட்டமும் புதிதல்ல. கதையிலிருந்தே தொடங்குங்கள், கலைச்சொற்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கதையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். நாயகியின் குடும்பம் மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்ப்பது. நாயகன் திருமங்கலத்தில் அதே தொழிலைச் செய்பவன். இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நாயகியின் கைப்பேசியையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது கடை எடுபிடிப் பையன் வழியாகப் போகும் கடிதம் மட்டுமே. அதுவும் சித்தியின் கையைத் தாண்டாமல் வெளியே போகாது. இந்தச் சித்திதான் இணையத்தில் உங்களுக்கும் வங்கிக்கும் நடுவே இருக்கும் எவரும்: பேருந்து நிலையத்தில் இலவச வைஃபை வைத்திருப்பவர், இணைய சேவை தருபவர், நடுவில் புகுந்துவிட்ட திருடர். 'எஸ்' இல்லாத வெறும் எச்டிடிபி முகவரியில் நீங்கள் எழுதுவது ஒட்டப்படாத கடிதம். சித்தி அதைப் படிக்கலாம், ஒரு வரியை மாற்றியும் எழுதலாம்.

அடுத்த கட்டத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கடிதத்தைப் பெட்டியில் பூட்டி அனுப்பலாம், ஆனால் சாவியும் சித்தி வழியாகத்தானே போக வேண்டும்? இங்கேதான் சாயத்தொழில் கைகொடுக்கிறது. இருவரும் மஞ்சள் சாயத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வதென்று வெளிப்படையாகவே எழுதிக்கொள்கிறார்கள். நாயகி அந்த மஞ்சளில் தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு சாயத்தைக் கலந்து ஒரு சீசாவில் அனுப்புகிறாள். நாயகனும் தன் ரகசியச் சாயத்தை அதே மஞ்சளில் கலந்து அனுப்புகிறான். சித்தி இரண்டு சீசாக்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். கலந்த சாயத்தைப் பிரிக்க அவளால் முடியாது. வந்த சீசாவில் ஒவ்வொருவரும் தம் ரகசியச் சாயத்தை மறுபடி சேர்க்கிறார்கள். இப்போது இரு பக்கமும் மஞ்சளும் அவள் சாயமும் அவன் சாயமும் சேர்ந்த ஒரே நிறம் இருக்கிறது, சித்தியிடம் மட்டும் அது இல்லை. அன்றைய பெட்டிக்கு அந்த நிறமே சாவி.

குறியாக்க ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட வழி இதுதான்; சாயத்துக்குப் பதில் மிகப் பெரிய எண்கள். கணக்கை ஒரு திசையில் செய்வது எளிது, திருப்பிச் செய்வது நடைமுறையில் இயலாது. ஒவ்வொரு முறையும் புதுச் சாயம் கலந்து பழையதைக் கொட்டிவிடுவதால், இன்று ஓடிய தகவலை முழுவதும் பதிவுசெய்து வைத்திருப்பவர் பல ஆண்டுகள் கழித்து வங்கியின் நிலையான சாவியைத் திருடினாலும் இன்றைய பெட்டி திறக்காது. எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பூட்டும் விதிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர்; 2018 ஆகஸ்டில் வெளியான அதன் 1.3 பதிப்பு, நிலைச்சாவியாலேயே ரகசியத்தை அனுப்பும் பழைய முறையை நீக்கிவிட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான விளக்கங்கள் இதோடு முடிந்துவிடுவதால்தான் கேட்பவர் பூட்டை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த எபிசோடில் சித்தி சாயம் கலக்கக் கற்றுக்கொள்கிறாள். நாயகியின் சீசாவைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, நாயகன் அனுப்பியதுபோலத் தன் சீசாவைக் கொடுக்கிறாள்; நாயகனிடமும் அதையே நாயகி பெயரில் செய்கிறாள். இரண்டு பேரும் பூட்டித்தான் எழுதுகிறார்கள், ஆனால் இரண்டு பூட்டின் சாவியும் சித்தியிடம் இருக்கிறது. 'தொடரும்' போடுவதுபோல இங்கே சற்று நிறுத்தி, நாயகி என்ன செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். "அந்த சீசா அவன்கிட்ட இருந்துதான் வந்துச்சான்னு பார்த்திருக்கணும்" என்ற பதில் தானாக வரும். சான்றிதழ் எதற்கு என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கீழமாசி வீதியில் மளிகை மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். "இந்த முத்திரை மோதிரம் திருமங்கலத்து இன்னார் மகனுடையது" என்று அவர் நாயகனை நேரில் விசாரித்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். பெரியவரின் கையெழுத்து மாதிரி, சித்தி தலையிடுவதற்கு வெகுகாலம் முன்பே நாயகியின் பீரோவில் இருக்கிறது. இனி நாயகன் அன்றன்றைய சீசாமேல் தன் மோதிரத்தால் முத்திரையிட்டு, பெரியவரின் தாளையும் சேர்த்து அனுப்புகிறான். தாளைச் சித்தி நகலெடுக்கலாம், ஆனால் மோதிரம் அவளிடம் இல்லை. பெரியவர்தான் சான்றிதழ் வழங்கும் நிறுவனம். பீரோவில் இருக்கும் மாதிரிகள் உங்கள் கைப்பேசியுடனோ உலாவியுடனோ முன்கூட்டியே வரும் நம்பிக்கைப் பட்டியல். மோதிரம் வங்கியின் தனிச்சாவி.

பெரியவர் வீட்டிலேயே திருடன் புகுந்தால் என்ன ஆகும் என்று யாரேனும் கேட்டால், அது நடந்தே இருக்கிறது என்று சொல்லுங்கள். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். அது ஈரானில் இருந்தவர்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. உலாவிகள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கின, அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது.

இனி மிக முக்கியமான பகுதி. பெரியவர் பெயருக்கும் மோதிரத்துக்கும்தான் சாட்சி, குணத்துக்குச் சாட்சியல்ல. நாயகன் பெயரோடு ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயருள்ள வேறொருவன் வந்து கேட்டாலும், அவன் பெயருக்கு அவர் உண்மையாகவே கையெழுத்திட்டுக் கொடுப்பார். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 டிசம்பர் முதல் எவருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. சிறு கடைக்காரரின் தளத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்க அது பெரிய உதவி, ஆனால் ஏமாற்றுத் தளங்களும் அதே வாசல் வழியாக வரமுடியும். ஆகவே பெயரைப் படிப்பது நம் வேலை. முகவரியில் எச்டிடிபிஎஸ் என்பதை அடுத்த இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டிப் போய், அதன்பின் வரும் முதல் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயர் அங்கேதான் இருக்கும், அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதால், அந்த முடிவைத் தேடுவது இப்போது எளிதான சோதனை.

கைப்பேசியைக் கையில் கொடுத்து முகவரிக்கு இடப்பக்கக் குறியைத் தொடச் சொல்லுங்கள். குரோமில் 2023 செப்டம்பரிலிருந்து அங்கே பூட்டுப் படம் இல்லை, இரண்டு சிறு கோடுகளும் வட்டங்களும் உள்ள குறி இருக்கிறது. 'பூட்டைப் பார்த்துக்கோ' என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் குழம்பிவிடுவார்கள். அதைத் தொட்டால் இணைப்பு பாதுகாப்பானதா என்ற விவரம் திறக்கும்.

இணைப்பு தனிப்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பக்கம் வந்தால், சீசாவின் முத்திரை பொருந்தவில்லை என்று பொருள். முதலில் கைப்பேசியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு, தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகவே தெரியும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ பொது வைஃபையில் இருந்தால் அதைத் துண்டித்து, மொபைல் டேட்டாவில் மறுபடி முயலுங்கள். அப்படியும் எச்சரிக்கை வந்தால் வங்கி, மின்கட்டணம், ஆதார் போன்ற எதிலும் 'தொடர்க' என்பதைத் தொட வேண்டாம். முத்திரை சரியாக இருக்கும்போதும் சித்தியால் உறையின் முகவரியைப் பெரும்பாலும் பார்க்க முடியும், அதாவது எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும், உள்ளே எழுதிய கடவுச்சொல் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பாஸ்புக்கிலோ கிளையிலோ உள்ள முகவரியைப் பார்த்து அவர்களையே தட்டச்சு செய்யவைத்து, அதை முகப்புத் திரையில் சேமித்துக்கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடும் தேவையே அதன்பின் இராது.