மிளகும் மாத்திரையும்: குடல் செல்களில் மருந்து உடைவதைப் பார்ப்பது எப்படி?

தமிழக-கேரள எல்லையில், குமுளி, வண்டன்மேடு பக்கம் சளி பிடித்தால் முதலில் மிளகுக் கஷாயம்தான். கூடவே தினசரி மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களும் வீட்டுக்கு வீடு உண்டு. மிளகின் காரமான பைப்பரின், மருந்தை உடைக்கும் சிப் 3ஏ4 என்ற நொதியைத் தடுக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த நொதி கல்லீரலில் மட்டுமல்ல, குடல் சுவரிலும் இருக்கிறது. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு ரத்தத்தைத் தொடும் முன்பே அங்கே உடைந்துவிடும். உயிர்தொழில்நுட்பம் படிக்கும் நம் எல்லைப்புறப் பிள்ளைகள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் செல். கேக்கோ-2 என்பது மனிதப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து எடுத்த செல்வரிசை. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் வங்கியில் கேட்டுப் பாருங்கள். வந்ததும் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றிக்கொள்ளும் நுண்ணிய பாக்டீரியா) இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். வளர்க்க: டிஎம்இஎம் என்ற ஊட்டத் திரவம் (ஊடகம்), 10 சதவீத கன்றுச் சீரம், அத்தியாவசியமற்ற அமினோ அமிலங்கள், 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. மனிதச் செல் என்பதால் உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் வேலை.

அடுத்து, சுவர் எழுப்புவது. தட்டின் குழிக்குள் தொங்கும், 0.4 மைக்ரான் துளையுள்ள சவ்வை அடியில் கொண்ட கிண்ணங்களில் சதுர செ.மீ.க்குச் சுமார் 60,000 செல்கள் விதையுங்கள். 12 குழித் தட்டு என்றால் மேலே 0.5 மி.லி., கீழே 1.5 மி.லி. ஊடகம். ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். சுமார் 21 நாளில் பெருங்குடலில் பிறந்த இந்தச் செல்கள் சிறுகுடல் செல்போல நுண்விரல்கள் முளைத்து, ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு பத்தாம் நாளே மருந்தை ஊற்றாதீர்கள்.

இங்கேதான் பலரும் கவனிக்காத இடம் வருகிறது. சாதாரண கேக்கோ-2 செல்லில் சிப் 3ஏ4 மிகக் குறைவு. அப்படியே மருந்தைக் கொடுத்தால் ஒன்றும் உடையாது, நீங்களும் "குடலில் இந்த மருந்து மாறுவதில்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். செல்கள் வளர்ந்து கிண்ணத்தின் தரையை மூடியதும், வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரையாலை 0.25 மைக்ரோமோலார் அளவில் இரண்டு வாரம் ஊடகத்தில் சேர்த்தால் நொதி கூடும். செல் வகைக்கு வகை பலன் வேறுபடும் என்பதால், கால்சிட்ரையால் சேர்க்காத குழிகளையும் பக்கத்தில் வையுங்கள்.

சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்க மின்தடை அளக்க வேண்டும். தட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள். சூட்டோடு எடுத்தால் எண் ஆடும். செல் இல்லாத கிண்ணத்தின் தடையைக் கழித்து, பரப்பால் பெருக்குங்கள். 420 ஓமில் 120 போக 300, அதை 1.12 சதுர செ.மீ.யால் பெருக்கினால் 336 ஓம் சதுர செ.மீ. 250க்குக் கீழே இருக்கும் குழியை நான் ஒதுக்கிவிடுவேன். சோதனை முடிந்ததும் லூசிஃபர் மஞ்சள் சாயம் கீழே கசிகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது மருந்து. மிடாசோலம் என்ற மயக்க மருந்து நல்ல தேர்வு: சிப் 3ஏ4 அதை 1'-ஹைட்ராக்சி மிடாசோலம் என்ற மாற்றப்பொருளாக ஆக்கும், செல்லை விட்டு மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் அதைப் பெரிதாகத் தொடாது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, அனுமதி வாங்கியே வைத்திருக்க வேண்டும். மருந்து மட்டும், மருந்தும் பைப்பரினும், மருந்தும் கீட்டோகோனசோலும் என மூன்று வரிசை. பூஞ்சைக்கு எதிரான மருந்தான கீட்டோகோனசோல் இந்த நொதியைத் தடுப்பது தெரிந்த விஷயம்; அந்த வரிசையிலும் மாற்றப்பொருள் குறையவில்லை என்றால் பைப்பரின் கணக்கைப் பார்க்கவே வேண்டாம். கரைப்பான் அளவு எல்லாக் குழியிலும் ஒன்றே.

30, 60, 120 நிமிடங்களில் மேலும் கீழும் மாதிரி எடுங்கள். மாற்றப்பொருள் இரண்டு பக்கமும் போகும். கடைசியில் செல்லையும் உடைத்து அளந்து, கொடுத்த மருந்து மொத்தமும் கணக்கில் வருகிறதா என்று நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அளக்கும் கருவி) சரிபாருங்கள்.

பைப்பரின் வரிசையில் மாற்றப்பொருள் குறைந்தால், அந்தச் செறிவில் நொதி தடைபட்டது என்று மட்டுமே எழுதலாம். ஒரு டம்ளர் கஷாயம் உடம்பில் என்ன செய்யும் என்பதை இந்தத் தட்டு சொல்லாது. இதைக் காட்டி வீட்டில் யாருடைய மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பி-கிளைக்கோபுரதத்தையும் பைப்பரின் தடுக்கிறதா என்று பார்க்க விரும்பினால் அந்தப் புரதம் வெளியே தள்ளும் இதய மருந்தான டிகாக்சினை வைத்து, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அது கடப்பதைத் தனித் தட்டில் அளந்து பாருங்கள்.