மழைச் சாலைக்கு ஏற்ற எஸ்யூவி டயர்

வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலிலேயே, கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் வடசென்னையின் எண்ணூர் பக்கத்துச் சாலைகளில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கும் என்பதால், எஸ்யூவிக்கு டயர் வாங்குபவர் முரட்டுத் தோற்றத்தைவிடப் பள்ளங்களின் அமைப்பையே முதலில் பார்க்க வேண்டும். டயரைச் சுற்றி ஓடும் மூன்று நான்கு அகன்ற பள்ளங்கள் நீரை வெளியேற்றும். கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் ஈரத்தரையைப் பற்றும். சிலிக்கா கலந்த ரப்பரும் பிடிப்பைக் கூட்டும். சேற்றுப் பாதைக்கான, ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் முரட்டு டயர் தண்டையார்பேட்டை நகரச் சாலைக்கு எதற்கு? பக்கச்சுவரில், நான்கு இலக்கமாக '2325' என்றிருந்தால், அது 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ள ஆழம் போதும் என்றாலும், 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு மட்டும் வாங்கினால், கடைக்காரர் முன்னால் போடலாம் என்றாலும், பின்சக்கரங்களிலேயே பொருத்தச் சொல்லுங்கள். ஈரச்சாலையில் வண்டியின் பின்பகுதி சறுக்கினால் கட்டுப்படுத்துவது கடினம்.